இருபத்திரண்டு அடிப் பனி

காரைக்காட்டுப்பாளையத்தில் ராக்கியண்ணனின் கவச வண்டிக்குள் பனி பெய்யத் தொடங்கியது அக்னி நட்சத்திரம் பிறந்த மூன்றாம் நாள் காலையில். அன்றைக்கு ஊர்க் கிணறுகளெல்லாம் வறண்டு கிடந்தன என்பதையும், தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது என்பதையும், ராக்கியண்ணன் இட்லி தின்ற கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்து வண்டியின் மேல்மூடியைத் திறந்தார் என்பதையும், உள்ளே ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "துரு" என்பதையும் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வார்கள்.

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊர் ஆழ்துளைக் கிணறு போடும் ஊர். வீட்டுக்கு ஒருவராவது துளைபோடும் போர் வண்டியோடு கிளம்பி, ராஜஸ்தானத்து மணலையும் ஒரிசாவின் செம்பாறையையும் துளைத்துவிட்டு, பொங்கலுக்கு வந்து மாட்டைப் பார்த்துவிட்டு மறுபடி போய்விடுவார்கள். ராக்கியண்ணனும் முப்பது வருஷம் அப்படிப் போனவர்தான். போன இடங்களில் மற்றவர்கள் கோயிலையும் சேலைக் கடையையும் தேடிப் போனபோது, அவர் பட்டாளத்து வண்டிகளைக் கழித்துக் கட்டும் பழைய இரும்புக் கிடங்குகளைத் தேடிப் போனார். முதலில் ஒரு ஜீப்பு வந்தது, அப்புறம் ஒரு லாரி, அப்புறம் ஓர் ஆம்புலன்ஸ். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டின் தென்னந்தோப்பில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, அவர் கைபட்டு மறுபடி இஞ்சின் உறுமி, புது பெயின்ட் மணக்க நிழலில் இளைப்பாறின. கடைசியாக வந்ததுதான் இந்தக் கவச வண்டி. நாலு சக்கரம், ஏழு டன் எடை, தலையில் சுழலும் ஒரு கோபுரம். அதிலிருந்த பீரங்கிக் குழலின் வாயை அரசாங்கம் ஈயம் ஊற்றி அடைத்திருந்தது. பன்னிரண்டு சக்கர டிரெய்லர் லாரியில் அது வந்து இறங்கியபோது அதற்கு இஞ்சினும் இல்லை, இருக்கையும் இல்லை. உள்ளே ஒரு குருவிக்கூடு மட்டும் இருந்தது.

ஆறு வருஷம் அவர் அந்த வண்டியோடு வாழ்ந்தார். அதே ரகத்து இஞ்சின் ஒன்று ஒரு கல் குவாரியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, ரெண்டு நாள் ரயிலில் போய்க் கொண்டுவந்தார். இருக்கைக்குப் பழைய படத்தைப் பார்த்து உறை தைத்தார். பதினோரு பூச்சு பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, அடியிலிருந்த முதல் நிறத்தைக் கண்டுபிடித்து அதே பச்சையைக் கலக்கினார். கோயமுத்தூரில் வருஷா வருஷம் பழைய வண்டிகளின் கண்காட்சி நடக்கும். அங்கே வரும் சேகரிப்பாளர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: இதில் எதை வெட்டினீர்கள், எதை ஒட்டினீர்கள்? எதையும் வெட்டவில்லை, எதையும் ஒட்டவில்லை என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் ஆசை. மேல்மூடிக்கான அசல் கீல் ஒன்றுதான் பாக்கியாக இருந்தது. அது கிடைத்து, மாட்டி, மூடி, மறுநாள் காலை திறந்தபோதுதான் உள்ளே பனி கிடந்தது.

"ஏனுங், அதுக்குள்ள என்னத்தப் பாத்துட்டே நிக்கறீங்?" என்று கேட்டபடி அவர் மனைவி மயிலாத்தாள் வந்தாள்.

"பனி பேஞ்சிருக்குது."

"எங்க?"

"வண்டிக்குள்ளார."

அவள் டயர் மேல் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்தாள். மூடியின் அடிப்புறத்திலிருந்து பஞ்சு பஞ்சாக இறங்கிக்கொண்டிருந்த பனி அவள் மூக்கில் பட்டுக் கரைந்தது. "சரி, அள்ளிக் குடுங்க. முருங்கை காயுது, அதுக்காச்சும் ஊத்தறேன்" என்று சொல்லிப் பக்கெட்டை எடுத்து வந்தாள்.

சூரியன் உதிக்கும்போது தொடங்கி உச்சிக்கு வரும்போது நின்றுவிடும் அந்தப் பனி மறுநாளும் பெய்தது, அதற்கு மறுநாளும் பெய்தது. மூன்றாம் நாள் பால்காரர் வந்து, கேனை உள்ளே வைத்தால் பால் திரியாதே என்றார். நாலாம் நாள் மல்லிகைப்பூ வியாபாரி கூடைகளோடு வந்தார். ஐந்தாம் நாள் தையற்கடைக்காரர் தன் சர்க்கரை வியாதிக்கான ஊசி மருந்தைப் பேர் எழுதி ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைத்தார். வேர்க்குரு வந்த கைப்பிள்ளைகளைத் தாய்மார்கள் மூடிக்கு மேலே தூக்கிப் பிடித்துக் குளிரக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஆளுக்கு ஒரு பிடி கொடுத்து, இமயமலையைப் பற்றிய பாடத்தை அன்றைக்கே முடித்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து, இது எந்தச் சட்டத்தில் வரும் என்று தனக்குத் தெரியவில்லை என்று சொல்லி, தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் மூடியருகே தலையைக் காட்டிவிட்டுப் போனார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, மழைமானியில் விழாததைப் பதிவேட்டில் ஏற்ற வழியில்லை என்று வருத்தப்பட்டார். ஏன் பெய்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. தண்ணீர் ஏன் ஆயிரம் அடியில் ஓரிடத்தில் இருக்கிறது, பத்தடி தள்ளி இல்லை என்பதை வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஜனம் அது. கிடைப்பதை மறுப்பேதும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தது.

அந்த ஊரில் பனியோடு சண்டை போட்டவர் ராக்கியண்ணன் ஒருத்தர்தான். தினமும் விடிந்ததும் பிரஷ்ஷும் முறமுமாக ஏறுவார். கீலுக்குக் கிரீஸ் வைப்பார், கம்ப்ரசரால் மூலை முடுக்கெல்லாம் காற்றடிப்பார், எங்கேயாவது மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தால் முகம் சுண்டிவிடும். "எல்லாருக்கும் வேடிக்கை. எனக்கல்லவா தெரியும், இரும்பு என்ன பாடு படுதுன்னு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எவ்வளவு அள்ளினாலும் அடியில் ஒரு சாண் பனி மட்டும் குறையாமல் கிடந்ததை அவர் கவனித்தார். ஆனால் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

பனி வந்து எட்டாம் நாள், ஊரின் பிள்ளைகள் யாரோ எடுத்த படம் போன் போனாகப் போய், வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணியைக் கொண்டுவந்து சேர்த்தது. அறுபத்து நாலு வயது, நரைத்த கொண்டை, தடித்த கண்ணாடி, கையில் ஒரு பிளாஸ்டிக் ஒயர்க் கூடை. பெயர் சுலோச்சனா. பஸ் ஸ்டாப்பிலிருந்து வழி கேட்டு நடந்து வந்தவர், தோப்புக்குள் நுழைந்ததும் பனியைப் பார்க்கவில்லை. வண்டியின் நெற்றியில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்த எண்ணைத்தான் பார்த்தார்.

"இந்த நம்பரு நீங்க எழுதினதா ஐயா, இல்ல முன்னாடியே இருந்ததா?"

ராக்கியண்ணனுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. "பதினோரு பூச்சு சொரண்டுனதுக்கப்பறம் அடியில இருந்ததுங்க. அதே எடத்துல, அதே அளவுல எழுதியிருக்கறனுங்."

சுலோச்சனா கூடையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். கறுப்பு வெள்ளைப் படம். அதே வண்டி, அதே எண், பின்னால் வெள்ளை மலை. மட்கார்டில் சாய்ந்தபடி தலையில் கம்பளிக் குல்லாய் போட்ட ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். ராக்கியண்ணன் அதை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, "அடடா, டூல் பெட்டி இடது பக்கத்துலயா இருந்திருக்குது! நான் வலது பக்கம் மாட்டிப்போட்டனே" என்றார்.

"அவரு என் வீட்டுக்காரரு" என்றார் சுலோச்சனா.

ராக்கியண்ணன் படத்தை மறுபடி வெளிச்சத்துக்குத் திருப்பினார். அப்புறம்தான் அந்த முகத்தைப் பார்த்தார்.

மயிலாத்தாள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே சுலோச்சனா சொன்னது இதுதான். கணவர் பேர் ஏகாம்பரம், பட்டாளத்தில் டிரைவர். கல்யாணமாகி நாலு வருஷம், அதில் லீவுக்கு வந்து சேர்ந்திருந்தது மொத்தம் எழுபத்தோரு நாள். வடக்கே ஒரு கணவாயில் ரோந்து போனபோது பனி சரிந்து வண்டியை மூடிவிட்டது. கோடையில் பனி இளகியபோது வண்டி கிடைத்தது. அதில் போன இரண்டு பேரும் கிடைக்கவில்லை.

"செத்துட்டாருன்னு எழுதல, காணாமப் போயிட்டாருன்னுதான் எழுதினாங்க. நாப்பத்தோரு வருஷமாச்சு. பொட்டு வெச்சா ஒரு பேச்சு, வெக்காட்டி ஒரு பேச்சு. சத்துணவுக் கூடத்துல ஆயிரம் பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டேன், அவருக்கு ஒரு வாய்க்கரிசி போட முடியல." சொல்லிவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணா, நான் உள்ளே போயி அவரு உக்காந்த எடத்துல கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டா?"

அந்த 'அண்ணா'வுக்கு அப்புறம் ராக்கியண்ணனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஏணி வைத்துக் கொடுத்தார். மயிலாத்தாள் வீட்டிலிருந்த மூன்று போர்வைகளையும் எடுத்துப் போர்த்திவிட்டாள். சுலோச்சனா டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் அதன் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டு, பனி நிற்கும் வரைக்கும் இருந்தார். மறுநாளும் அப்படியே இருந்தார். அதற்கு மறுநாள் பால் கேன்கள் வரவில்லை, பூக்கூடைகள் வரவில்லை. வரவேண்டாம் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தையற்கடைக்காரர் மட்டும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து தன் மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் போனார்.

ஒன்பது நாள் அப்படி உட்கார்ந்திருந்த பிறகு, பத்தாம் நாள் காலையில் சுலோச்சனா ஒரு குச்சி கேட்டார். ஐந்தடி மூங்கில் குச்சியை ராக்கியண்ணன் கொடுத்தார். அதைத் தன் காலடிப் பனியில் குத்தினார்; குச்சி முழுவதும் இறங்கிவிட்டது. ராக்கியண்ணன் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார். தரைத்தகடு காய்ந்து, சூடாக, அவர் மாட்டிய போல்ட்டுகளோடு இருந்தது. அதன் நிழலில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து வந்து மேலே பார்த்தார்; குச்சி உள்ளேதான் போயிருந்தது.

அவர் சடையனைக் கூப்பிட்டு அனுப்பினார். சடையன் அவரோடு இருபது வருஷம் போர் வண்டியில் துளைபோட்டவர். கம்பியைப் பிடித்திருக்கும் உள்ளங்கையாலேயே கீழே இருப்பது பாறையா, களியா, தண்ணீரா என்று சொல்லிவிடுவார். மெல்லிய கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்த்துக்கொண்டே பனிக்குள் இறக்கினார். பத்தடி. பதினைந்தடி. இருபதடி. இருபத்திரண்டாவது அடியில் கை நின்றது. ஒருமுறை லேசாகத் தட்டிப் பார்த்தார். அப்புறம் கம்பியை விட்டுவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"என்றா, பாறையா?"

"பாறையில்லீங்ணா. மண்ணும் இல்ல."

"அப்பறம் என்ன?"

"ஆளுங்ணா."

சுலோச்சனா அழவில்லை. போர்வைகளை மடித்து மயிலாத்தாள் கையில் கொடுத்துவிட்டு, "தோண்டிக் குடுங்கண்ணா" என்றார்.

நாட்டில் எத்தனையோ மாநிலங்களில் எத்தனையோ பேருடைய நிலத்தில் தோண்டியிருந்த அந்த ஊர், தன் சொந்த மண்ணில் தோண்டியது அந்த ஆறு நாள்தான். ஊரிலிருந்த ஆண்களில் பதினோரு பேர் முறை வைத்து இறங்கினார்கள். மேல்மூடிக்கு மேலே மூன்று கால் நட்டுக் கப்பி கட்டினார்கள். இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்தார்கள். வாளி வாளியாக மேலே வந்த பனியைப் பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றி உழுதுபோட்ட காடுகளில் கொட்டினார்கள். கொட்டிய பனி உருகி நிலத்துக்குள் இறங்க, வறண்ட கிணறுகளில் ஒரு முழம் தண்ணீர் ஏறியது. ஆனாலும் அந்தத் தண்ணீரை இப்போது இறைக்க வேண்டாம் என்று அவரவர் மோட்டாரை அவரவர் நிறுத்தி வைத்தார்கள். காலையில் பெய்யும் பனியை முதலில் அள்ளி, பிறகு நேற்றைய குழியைத் தொட்டு, உச்சிவெயில் வரைக்கும் தோண்டி, அப்புறம் நடுங்கிக்கொண்டு மேலே வந்து அக்னி வெயிலில் உட்கார்ந்து உடம்பைக் காயவைத்துக்கொண்டார்கள். ஏழு டன் வண்டி நாலு சக்கரத்தில் காய்ந்த தரை மேல் நிற்க, அதற்குள் மனிதர்கள் இருபதடி ஆழத்திலிருந்து பேசும் குரல் மேலே கேட்டது.

ஆறாம் நாள் நண்பகலில் கயிறு மூன்று தடவை அசைந்தது. ராக்கியண்ணன் தானே இறங்கினார்.

அடியில் வெளிச்சம் நீலமாக இருந்தது. இரண்டு பேர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மடியில் மற்றவனுடைய தலை. மடியில் வைத்திருந்தவன் முகம் படத்தில் சிரித்த முகம். காணாமல் போனபோதிருந்த இருபத்தொன்பது வயதில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. அவன் உடம்பில் ஒரு சட்டைதான் இருந்தது. அவனுடைய கம்பளிக் கோட்டு மற்றவன் உடம்பில் இருந்த கோட்டுக்கு மேல் போர்த்தியிருந்தது. நாலு கைகளும் ஒன்றையொன்று பிடித்து, பனி அவற்றை ஒரே கட்டியாக இறுக்கியிருந்தது. அந்தக் கோட்டின் பித்தளைப் பொத்தான்கள் ராக்கியண்ணன் வருஷக்கணக்காகப் படங்களில் மட்டும் பார்த்தவை. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் சட்டைக் கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. அதைப் போட்டுவிட்டார்.

மேலே வந்து சொன்னபோது, "ரெண்டு பேரா?" என்று கேட்டார் சுலோச்சனா.

"ஆமாங்."

"இன்னொருத்தரு நந்தன் சிங்கா இருக்கும். சப்பாத்தி தேய்க்கக் கத்துக் குடுத்தான்னு லெட்டர்ல எழுதுவாரு."

மேல்மூடியின் வாய் ஒரு ஆள் நுழையும் அகலம்தான். கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் அதில் வரமாட்டார்கள். வெந்நீர் ஊற்றினால் கைகளைப் பிரித்துவிடலாம், ஒவ்வொருவராகத் தூக்கிவிடலாம் என்றார் சடையன். தோப்பில் நின்ற கூட்டத்தில் பலர் அதுதான் சரி என்றார்கள்.

"பிரிக்காதீங்க" என்றார் சுலோச்சனா. அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் ஊர் கேட்டது. "கோட்டக் கழட்டிப் போத்தி வெச்சிருக்காரே, அவரு கையிலருந்து நாம வந்து புடுங்கறதா? அவங்களா விடட்டும்."

எல்லோரும் ராக்கியண்ணனைப் பார்த்தார்கள். பிரிக்காமல் எடுக்க வேண்டுமென்றால் வண்டியின் மேல்கூட்டை வெட்டியாக வேண்டும். கோபுரத்தைத் தாங்கும் வளையத்தையும், குண்டு துளைக்காத மேல்தகட்டையும் கேஸ் கட்டர் வைத்து அறுக்க வேண்டும். வெட்டிய கவசத்தைத் திரும்ப ஒட்டலாம், ஆனால் அசல் என்ற சொல்லை மட்டும் அதன் பிறகு ஒட்ட முடியாது. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயமுத்தூருக்குக் கொண்டுபோக டிரெய்லர் லாரி சொல்லியாகிவிட்டது.

அவர் வண்டியைச் சுற்றி நடந்தார். கையால் தடவிக்கொண்டே மூன்று சுற்று நடந்தார். எந்த ரிவெட் எந்த ஊரில் கிடைத்தது, எந்தக் கீறலை எந்த மழைக்காலத்தில் மூடினார் என்பதெல்லாம் விரலுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குக் கோபம் வந்தது; யார் மேல் என்று தெரியாத கோபம். இந்த அம்மா வராமலே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைத்ததை எண்ணி முகம் சிவந்து, வண்டியின் மறுபக்கத்துக்குப் போய் யாருக்கும் தெரியாமல் நின்றார்.

மயிலாத்தாள் அங்கே வந்தாள்.

"ஏனுங், ஆறு வருசமா என்னத்துக்குங் இதக் கட்டிட்டு அழுதீங்?"

"முன்ன இருந்தாப்லயே இருக்கோணும்னு."

"முன்ன அவங்க ரெண்டு பேரும் இதுக்குள்ள உசுரோட உக்காந்திருந்தாங்க. அத உங்களால பண்ண முடியாதுங். இத முடியும்."

அவர் அவளைப் பார்த்தார். பட்டறைக்குள் போய் ஆக்சிஜன் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். சடையன் கட்டரை வாங்கக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏறி, கோபுரத்தைச் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கச் சொல்லிவிட்டு, தான் கலக்கிய பச்சைப் பெயின்ட்டின் மேல் நெருப்பை வைத்தார். பெயின்ட் குமிழி விட்டுக் கருகியது. மதியம் தொடங்கி மாலை வெயில் சாயும் வரைக்கும் அறுத்தார். தகடு இரண்டு விரல் கனம். ஒரு முழம் அறுக்க அரைமணி ஆனது. கடைசித் துண்டு மண்ணில் விழுந்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து ஊரைச் சுற்றிவிட்டு வந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றியபோது, கண்ணைச் சுற்றிய வட்டம் மட்டும் வெளுத்து, முகமெல்லாம் கரியாக இருந்தது. "இப்பத் தூக்குங்கடா, மெதுவா" என்றார்.

இரண்டு பேரையும் ஒன்றாகவே தூக்கி, வண்டிக்குள்ளேயே மேல்மட்டப் பனியில் கிடத்தினார்கள். நந்தன் சிங்கின் ஆட்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்றார் சுலோச்சனா. ஊரில் இருந்த, பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர் ஒருவர் போன் போட்டு, அங்கிருந்து இன்னொரு போன், அங்கிருந்து இன்னொன்று என்று பிடித்து, மலைநாட்டில் ஒரு கிராமத்தில் நந்தன் சிங்கின் அண்ணன் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தார். ரயிலேறி வந்துசேர மூன்று நாள் ஆகும்.

கூரை போன வண்டிக்குள் வெயில் நேராக இறங்கியது. பெய்த பனி பெய்தபடியே உருகியது. அதைப் பார்த்ததும் ஊர் தானாக எழுந்தது. தென்னங்கீற்று பின்னிப் பந்தல் போட்டார்கள். கோணிச் சாக்கை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டார்கள். பால்காரர் கூட்டுறவுச் சங்கத்தின் குளிர்பெட்டியைத் தூக்கிவந்தார். பூ வியாபாரி பள்ளிபாளையம் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளங்களை உமியில் புதைத்து வேனில் கொண்டுவந்தார். தையற்கடைக்காரர் தன் கையால் தைத்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து ஐஸின் மேல் போர்த்தினார். கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. டிரெய்லர் லாரிக்காரர் வந்து நிலைமையைப் பார்த்துவிட்டு, அந்த லாரியிலேயே போய் இன்னொரு பாரம் ஐஸ் ஏற்றி வந்தார். ராக்கியண்ணன் மூன்று நாளும் முகம்கூடக் கழுவாமல் பந்தலுக்கடியில் ஈரச் சாக்குகளை மாற்றிக்கொண்டே இருந்தார். துரு என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அப்புறம் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அந்த அண்ணன் தீவான் சிங் வந்தார். எழுபத்தைந்து வயது, அந்த வெயிலிலும் தலையில் கம்பளித் தொப்பி. அவருக்குத் தமிழ் தெரியாது. வடக்கே பதினைந்து வருஷம் துளைபோட்ட சடையனுக்கு அவர் மொழி தெரியும். தம்பியின் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு அவர் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றார் சுலோச்சனா.

"சின்ன வயசுலருந்தே குளிருதுன்னு வாயத் தொறந்து சொல்லமாட்டானாம் அவன். இவரு எப்படிக் கண்டுபுடிச்சுக் கோட்டப் போத்துனாருன்னு கேக்கறாருங்."

சுலோச்சனா கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் அப்படித்தான். பசிக்குதுன்னு சொல்லமாட்டேன், அவரே கண்டுபுடிச்சிருவாரு. அப்படீன்னு சொல்லு."

சடையன் சொன்னார். அந்தக் கிழவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வேப்பமரத்தடியில் கீற்றுப் பாய் விரித்து இருவரையும் கிடத்தினார்கள். அன்று காலை வண்டிக்குள் பனி பெய்யவில்லை என்பதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. எல்லோர் கண்ணும் அந்தக் கைகளின் மேலேயே இருந்தது. வெயில் ஏற ஏறச் சொட்டுச் சொட்டாக நீர் கசிந்தது. பத்து மணி வாக்கில், யாரும் தொடாமலே, முதலில் நந்தன் சிங்கின் விரல்கள் தளர்ந்தன, பிறகு ஏகாம்பரத்தின் விரல்கள். சுலோச்சனா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினார். பார்த்தவர்களுக்கு ஒரு தாய் தூங்கும் மகனை எழுப்புவதுபோல இருந்தது.

"நான்தான் சுலோச்சனா" என்றார் மெதுவாக. "அடையாளம் தெரியாது. வயசாயிடுச்சு."

விடுபட்ட அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, அது தன் கைச் சூட்டுக்கு வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மயிலாத்தாள் ஒரு தட்டில் அரிசியை நீட்டினாள். நாற்பத்தோரு வருஷம் காத்திருந்த அந்த அரிசியைச் சுலோச்சனா மூன்று முறை அள்ளி அவன் வாயில் போட்டார். தீவான் சிங் தன் தம்பிக்குப் போட்டார். தீயும் தாங்களே வைக்கிறோம் என்று இருவரும் சொன்னார்கள். பெண் வைக்கலாமா என்று கேட்க அன்றைக்கு ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

இரண்டு பாடைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தூக்கினார்கள். ஏகாம்பரத்தின் தலைமாட்டில் ராக்கியண்ணன் தோள் கொடுத்தார். கடைத்தெரு வழியாக, பள்ளிக்கூடத்து மதில் ஓரமாக, ஆற்றங்கரை மயானம் வரைக்கும் ஒன்றரை மைல். கால் வைக்க முடியாத அந்தத் தார் ரோட்டில், பாடைகளிலிருந்து உருகிய நீர் விடாமல் சொட்டி, போன வழியெல்லாம் அருகருகே இரண்டு ஈரக்கோடுகள் விழுந்தன. எதிரே வந்த டவுன் பஸ் இஞ்சினை அணைத்து நின்றது. டிரைவர் இறங்கிச் செருப்பைக் கழற்றினார். அக்னி வெயிலில் ஒரு நிமிஷத்தில் காய்ந்துபோயிருக்க வேண்டிய அந்தக் கோடுகள் தீ வைத்து முடியும்வரை காயவில்லை, சாம்பல் ஆறும்வரை காயவில்லை. திரும்பி வரும்போதும் ஈரமாகவே கிடந்தன. ஊர் ஜனம் முழுவதும், முன்னால் சுலோச்சனாவும் தீவான் சிங்கும், பின்னால் கரி அப்பிய முகத்தோடு ராக்கியண்ணனும், வெறுங்காலோடு அந்தக் கோடுகளின் ஓரமாக நடந்து வந்தார்கள். கால் சுட்டபோதும் ஒருவர்கூட அந்த ஈரத்தை மிதிக்கவில்லை.